தரத்தைச் சொல்லுங்கள், பிட்ரேட்டை என்கோடர் பார்த்துக்கொள்ளும்

ஒரு பெரிய வீடியோ கோப்பைச் சிறியதாக்கலாம் என்று ஹேண்ட்பிரேக் போன்ற மென்பொருளைத் திறந்தால், வீடியோ பகுதியில் இரண்டு வழிகள் இருக்கும். ஒன்று கான்ஸ்டன்ட் குவாலிட்டி: இழுத்து நகர்த்த ஒரு ஸ்லைடர், அதன்மேல் ஓர் எண். இன்னொன்று ஆவரேஜ் பிட்ரேட்: ஒரு பெட்டி, அதில் நாமே ஓர் எண்ணைத் தட்ட வேண்டும். புதிதாக வருபவர்கள் பலர் இரண்டாவதைத்தான் எடுக்கிறார்கள். பிட்ரேட் (ஒரு வினாடி வீடியோவுக்குச் செலவாகும் பிட்டின் அளவு) கூடினால் தரம் கூடும் என்று கேள்விப்பட்டிருப்பார்கள். 2000 போட்டால் போதும், 5000 போட்டால் நல்லது என்று யாராவது சொல்லியிருப்பார்கள். கேட்க எளிமையாக இருப்பதால் அது மனதில் நின்றுவிடுகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் பார்ப்பதற்கும் சேமித்து வைப்பதற்கும் என்கோட் செய்கிறீர்கள் (அதாவது வீடியோவைச் சுருக்கி எழுதுகிறீர்கள்) என்றால் ஸ்லைடரைப் பயன்படுத்துங்கள், பிட்ரேட் பெட்டியை விட்டுவிடுங்கள். இறுதி அளவு இத்தனை மெகாபைட்டுக்குள் இருந்தே ஆக வேண்டும், அல்லது இணைய வேகத்துக்குள் நேரலை அடங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால் மட்டும் பெட்டிக்கு வாருங்கள். ஏன் அப்படி என்பது புரிந்துவிட்டால் எந்த மென்பொருளைத் திறந்தாலும் உங்களுக்குக் குழப்பம் வராது.

பிட் எதற்குச் செலவாகிறது

1080பி வீடியோவின் ஒரு ஃபிரேமில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள். மொத்தம் 20,73,600. வழக்கமான 8 பிட் வீடியோவில் வெளிச்சத்தின் அளவு ஒவ்வொரு புள்ளிக்கும் தனியாக வைக்கப்படுகிறது. நிறத்துக்கான இரண்டு எண்கள் மட்டும் நான்கு புள்ளிகளுக்குப் பொதுவானவை. நிறத்தில் உள்ள நுணுக்கத்தை நம் கண் அவ்வளவாகக் கவனிப்பதில்லை என்பதால் இந்தச் சிக்கனம். இப்படிப் பார்த்தால் புள்ளிக்கு ஒன்றரை பைட். ஒரு ஃபிரேமுக்கு ஏறக்குறைய 31 லட்சம் பைட். வினாடிக்கு 24 ஃபிரேம் ஓடினால் ஒரு வினாடிக்குச் சுமார் 75 மெகாபைட். இரண்டு மணி நேரத்துக்கு 537 ஜிபி!

ஆனால் அதே இரண்டு மணி நேரம் 4 ஜிபி கோப்பாக நன்றாகவே ஓடுகிறது. நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மீதி எங்கே போனது?

பெரும்பகுதி, திரும்பத் திரும்ப வருவதை மறுபடி எழுதாமல் விடுவதால் மிச்சமாகிறது. ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறார், பின்னால் வெற்றுச் சுவர் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஃபிரேமை முழுப் படமாக எழுதியாக வேண்டும். அடுத்த ஃபிரேமில் சுவர் அப்படியேதான் இருக்கிறது. உதடும் கண்ணும் கொஞ்சம் அசைந்திருக்கின்றன. ஆகவே சுவர் இருக்கும் கட்டங்களுக்கெல்லாம் ‘முந்தையதையே எடுத்துக்கொள்’ என்ற ஒரு குறிப்பு போதும். தலை இரண்டு புள்ளி இடப்பக்கம் நகர்ந்திருந்தால், ‘அந்தக் கட்டத்தை இரண்டு புள்ளி தள்ளி வை’ என்பது போதும். இந்த ஊகத்துக்கும் உண்மைப் படத்துக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதினால் சரி.

தரம் குறைவது அந்த வித்தியாசத்தை எழுதும் இடத்தில்தான். அதை அப்படியே துல்லியமாக எழுதினால் கோப்பு இன்னும் பெரிதாகவே இருக்கும். அதனால் என்கோடர், அதாவது சுருக்கி எழுதும் மென்பொருள், அந்த எண்களைக் கொஞ்சம் தோராயமாக்கி எழுதுகிறது. இதற்குக் குவான்டைசேஷன் என்று பெயர். கொஞ்சமாகத் தோராயமாக்கினால் கண்ணுக்குத் தெரியாது. கூடக்கூட முதலில் தோலின் மெல்லிய கோடுகளும் துணியின் இழைகளும் மழுங்கும், அப்புறம் இருட்டான பகுதிகளில் சதுரம் சதுரமாகக் கட்டங்கள் தெரியும், வானம் போன்ற சீரான பரப்புகளில் பட்டை பட்டையாக நிறம் பிரியும். தரம் பற்றிய எந்த அமைப்பைத் தொட்டாலும் கடைசியில் நாம் கூட்டிக் குறைப்பது இந்தத் தோராயத்தைத்தான்.

இப்போது அந்தப் பேச்சாளருக்குப் பதிலாக, கொட்டும் மழையில் காற்றில் ஆடும் மரம் ஒன்றை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு இலையும் ஒவ்வொரு பக்கம் அசைகிறது, மழைத்துளி ஒவ்வொரு ஃபிரேமிலும் புது இடத்தில் விழுகிறது. முந்தைய ஃபிரேமைப் பார்த்து ஊகிக்க அதிகம் எதுவுமில்லை. இரண்டும் 1080பி, இரண்டும் 24 ஃபிரேம். ஆனாலும் ஒரே தரத்தில் பார்க்க மழைக்காட்சிக்குப் பேச்சாளருக்குத் தேவைப்படுவதைப்போலப் பல மடங்கு பிட் வேண்டும்.

பிட்ரேட் சொல்வது அளவை

பிட்ரேட் என்றால் ஒரு வினாடி வீடியோவுக்கு எத்தனை பிட் செலவாகிறது என்பது, அவ்வளவுதான். அதிலிருந்து கோப்பின் அளவு நேராகக் கிடைத்துவிடும். வினாடிக்கு 2000 கிலோபிட் என்று வைத்தால், எட்டால் வகுத்து 250 கிலோபைட். இரண்டு மணி நேரம் என்பது 7200 வினாடி. பெருக்கினால் 18 லட்சம் கிலோபைட், அதாவது 1.8 ஜிபி. உள்ளே இருப்பது மழையா, பேச்சா என்பது இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

சிக்கலே அதுதான். 2000 என்று தட்டும்போது நீங்கள் அளவை முடிவு செய்துவிடுகிறீர்கள், தரத்தை விதியிடம் விட்டுவிடுகிறீர்கள். பேச்சாளர் வீடியோவுக்கு 2000 தேவைக்கு மேலாகவே இருக்கலாம், மிச்சம் வீணாகும். மழைக்காட்சிக்கு அது போதாமல் படம் கலங்கும். ஒரே எண், இரண்டு வீடியோவுக்கும் பொருந்தவில்லை. ‘1080பிக்கு எவ்வளவு பிட்ரேட் வைக்கலாம்’ என்ற கேள்விக்கு ஒற்றை விடை இல்லாமல் போவது இதனால்தான். யாராவது ஒரே எண்ணைச் சொன்னால், அவர் எந்த வீடியோவை மனதில் வைத்துச் சொன்னார் என்று கேட்க வேண்டும்.

சி.ஆர்.எஃப். என்னும் எண்

கான்ஸ்டன்ட் குவாலிட்டி இதைத் தலைகீழாகச் செய்கிறது. தரத்தை நீங்கள் சொல்கிறீர்கள். அதற்கு எவ்வளவு பிட் வேண்டுமோ அதை என்கோடர் காட்சிக்குக் காட்சி எடுத்துக்கொள்கிறது. பேச்சாளர் வரும்போது பிட்ரேட் 800 கிலோபிட்டுக்கு இறங்கலாம், மழை வரும்போது 9000-க்கு ஏறலாம். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தரத்தில் தெரியும். இதற்கான எண்ணை எக்ஸ்264, எக்ஸ்265 என்கோடர்களில் (ஹெச்.264, ஹெச்.265 என்ற சுருக்க முறைகளில் எழுதுபவை) சி.ஆர்.எஃப்., அதாவது கான்ஸ்டன்ட் ரேட் ஃபேக்டர் என்பார்கள். ஹேண்ட்பிரேக்கில் அதுவே ஆர்.எஃப். என்று இருக்கும்.

எண் குறையக் குறைய தரம் கூடும், கோப்பும் பெருக்கும். எக்ஸ்264-இல் அளவுகோல் 0 முதல் 51 வரை. 8 பிட்டில் 0 என்றால் இழப்பே இல்லாத என்கோடிங். 51 பார்க்கவே முடியாத அளவுக்கு மோசம். நாம் புழங்கும் இடம் 18-க்கும் 28-க்கும் நடுவில்தான். நாமாக எதுவும் சொல்லாவிட்டால் எக்ஸ்264 எடுத்துக்கொள்வது 23. தோராயமாக ஆறு எண் கூட்டினால் கோப்பு பாதியாகும், ஆறு எண் குறைத்தால் இரட்டிப்பாகும். 18-இல் 6 ஜிபி வந்த வீடியோ 24-இல் 3 ஜிபி பக்கம் வரும் என்று எதிர்பார்க்கலாம். துல்லியமான விதி இல்லை, ஆனாலும் எவ்வளவு நகர்த்தினால் என்ன ஆகும் என்று ஒரு பிடி கிடைக்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், என்கோடர் வெறுமனே ஒரே அளவு தோராயத்தை எல்லா இடத்திலும் பூசுவதில்லை என்பது. எக்ஸ்264 மீடியம் என்ற இயல்பான வேக அமைப்பில் 40 ஃபிரேம் வரை முன்னால் எட்டிப் பார்க்கிறது. படத்தின் எந்தப் பகுதியைப் பின்னால் வரும் ஃபிரேம்கள் நம்பியிருக்கப்போகின்றனவோ, அதற்குக் கூடுதல் கவனம் தருகிறது. அந்தச் சுவரை முதல் முறையே நன்றாக எழுதிவிட்டால் அடுத்த நூறு ஃபிரேமுக்கும் அதே நல்ல சுவர் இலவசமாகக் கிடைக்கும் அல்லவா? மாறாக, ஒரு கணம் வந்து மறையும் மழைத்துளியை அவ்வளவு கவனமாக எழுதுவதில் லாபமில்லை. கண்ணும் அதைப் பின்தொடர்வதில்லை. அதனால் அங்கே கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கிறது. காட்சியை ஃபிரேம் ஃபிரேமாக அலசிப் பார்க்கும் ஒன்றிடம், அதைப் பார்க்காமலே நாம் தட்டும் ஓர் எண்ணைத் திணிப்பது நியாயமில்லை என்று நினைக்கிறேன்.

எங்கே தொடங்கலாம் என்பதற்கு ஹேண்ட்பிரேக்கின் கையேடே ஒரு வழி சொல்கிறது. எக்ஸ்264, எக்ஸ்265 இரண்டுக்கும், பழைய டிவிடி அளவு வீடியோ என்றால் 18 முதல் 22, 720பிக்கு 19 முதல் 23, 1080பிக்கு 20 முதல் 24, 4கேவுக்கு 22 முதல் 28. ரெசல்யூஷன் ஏற ஏற எண்ணும் ஏறுவது ஏன் என்று யோசித்தால் எளிதுதான். சின்ன வீடியோவை முழுத்திரையில் பார்க்கும்போது அதன் ஒவ்வொரு புள்ளியும் ஊதிப் பெரிதாகிறது, குறையும் கூடவே பெரிதாகிறது. 4கேயில் ஒரு புள்ளி அவ்வளவு பொடிசு. கொஞ்சம் தோராயம் கூடினாலும் கண்ணில் படாது. ஒன்றும் தெரியாத நிலையில் 1080பிக்கு 21 அல்லது 22 வைத்துத் தொடங்குங்கள். பெரிதாகத் தப்பு நேராது.

ஒரு எச்சரிக்கை இங்கே அவசியம். சி.ஆர்.எஃப். எண் அந்தந்த என்கோடருக்கே உரியது. எக்ஸ்264-இன் இயல்பு 23, எக்ஸ்265-இன் இயல்பு 28. ஏவி1 என்ற புதிய சுருக்க முறைக்கான எஸ்விடி-ஏவி1 என்கோடரில் அளவுகோலே 60-ஐத் தாண்டிப் போகிறது, இயல்பு 35. ஆகவே எக்ஸ்264-இல் 22 பிடித்துப்போயிற்று என்று ஏவி1-க்கும் 22 வைத்தால் தேவையில்லாமல் பெரிய கோப்பு வந்து நிற்கும். கிராபிக்ஸ் கார்டில் உள்ள என்கோடர்களில் வரும் தர எண்ணும் இப்படித்தான் தனி. என்கோடரை மாற்றினால் எண்ணைப் புதிதாகத் தேடுங்கள்.

மூலத்தைத் தாண்டிப் போக முடியாது

எந்த எண்ணை வைத்தாலும் மூலக் கோப்பில் இல்லாத தரத்தை ரீ-என்கோடிங் கொண்டுவராது. ஏற்கெனவே மழுங்கிய வீடியோவைச் சி.ஆர்.எஃப். 14-இல் என்கோட் செய்தால், மழுங்கலை மிகத் துல்லியமாகப் பாதுகாத்த பெரிய கோப்பு ஒன்று கிடைக்கும். ஒவ்வொரு முறை என்கோட் செய்யும்போதும் கொஞ்சம் இழப்பு சேர்கிறது. ஜெராக்ஸை மறுபடி ஜெராக்ஸ் எடுப்பது போல. அதனால் எப்போதும் கையில் இருப்பதிலேயே நல்ல மூலத்திலிருந்து ஒரே ஒரு முறை செய்யுங்கள். ஏற்கெனவே சுருக்கியதை மறுபடி சுருக்காதீர்கள்.

தொடங்கும் முன் மூலம் என்ன என்று பார்க்க வேண்டும். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பைப் போட்டால் கோடெக் (வீடியோவைச் சுருக்கிய முறை), ரெசல்யூஷன், ஃபிரேம் ரேட், பிட்ரேட் எல்லாம் வந்துவிடும். அதைப் பார்த்த பிறகு, இதை என்கோட் செய்யத்தான் வேண்டுமா என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். ‘எம்கேவி டிவியில் ஓடவில்லை, எம்பி4 ஆக்க வேண்டும்’ என்பவர்களில் பலருக்கு என்கோடிங்கே தேவையில்லை. எம்கேவியும் எம்பி4-உம் வெளியுறைகள்தான். உள்ளே இருப்பது ஹெச்.264 வீடியோவும் ஏஏசி ஒலியும் என்றால், அதை அப்படியே எடுத்து உறையை மட்டும் மாற்றிவிடலாம். ரீமக்ஸ் என்று இதற்குப் பெயர். எஃப்எஃப்எம்பெக், லாஸ்லெஸ்கட் போன்ற மென்பொருள்கள் இதைச் சில நொடிகளிலோ நிமிடங்களிலோ முடித்துவிடும். ஒரு புள்ளிகூட மாறாது. இந்த வழி தெரியாமல் பல மணி நேரம் கணினியை ஓடவிட்டு, தரத்தையும் இழப்பது எவ்வளவு வருத்தமான விஷயம்!

மூலத்தின் பிட்ரேட் இன்னொரு குறிப்பும் தருகிறது. புளூரேயில் வீடியோவுக்கு வினாடிக்கு 40 மெகாபிட் வரை இடமுண்டு. அதைச் சுருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. போனில் எடுத்த வீடியோவும் அப்படித்தான். நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கும்போதே, பேட்டரியும் தீராமல், சூடும் ஏறாமல் போன் அதை என்கோட் செய்தாக வேண்டும். நுணுக்கமாகச் சுருக்க அதற்கு நேரம் கிடையாது, அதனால் பிட்டை அள்ளி வீசுகிறது. கணினி நிதானமாக அதே வீடியோவைப் பாதிக்கும் கீழே கொண்டுவருவது சாதாரணம். ஆனால் மூலம் ஏற்கெனவே 1080பி-இல் 1500 கிலோபிட் என்றால், யாரோ அதை முன்பே நன்றாகப் பிழிந்துவிட்டார்கள் என்று பொருள். அதைத் தொடாமல் விடுவதே நல்லது.

சில சமயம் 20 வைத்து என்கோட் செய்தால் மூலத்தைவிடப் பெரிய கோப்பு வரும். மென்பொருளில் ஏதோ கோளாறு என்று நினைக்க வேண்டாம். மூலத்தில் இருக்கும் இரைச்சலையும், முந்தைய என்கோடிங் விட்டுச்சென்ற கட்டங்களையும் கூட நீங்கள் கேட்ட தரத்தில் காப்பாற்ற என்கோடர் பாடுபடுகிறது. குறைந்த வெளிச்சத்தில் எடுத்த வீடியோவிலும், பழைய பிலிம் படங்களிலும் பொடிப்பொடியாகத் துள்ளும் புள்ளிகள் இருக்குமே, அவை ஃபிரேமுக்கு ஃபிரேம் தற்செயலாக மாறுபவை. ஊகிக்கவே முடியாது. பிட்டை அவ்வளவு தின்பது வேறு எதுவுமில்லை. பிலிம் புள்ளிகள் படத்தின் அழகு என்று நினைத்தால் பெரிய கோப்பை ஏற்றுக்கொள்ளுங்கள், எக்ஸ்264-இல் கிரெய்ன் என்ற டியூன் அமைப்பையும் வைத்துப் பாருங்கள். போன் கேமராவின் இரவு இரைச்சல் என்றால் லேசாக டீநாய்ஸ் (இரைச்சல் நீக்கம்) செய்துவிட்டு என்கோட் செய்யலாம். லேசாக மட்டும், கூடினால் முகங்கள் மெழுகுபோல ஆகிவிடும்.

ஒரு நிமிடச் சோதனை

சரி, 20-ஆ 24-ஆ? இதற்கு விடை உங்கள் கண்ணும் உங்கள் திரையும்தான். முழு வீடியோவையும் நான்கு முறை என்கோட் செய்ய வேண்டியதில்லை. ஒரு நிமிடம் போதும், ஆனால் அந்த ஒரு நிமிடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தலைப்பு எழுத்துகள் ஓடும் தொடக்கத்தை எடுக்காதீர்கள். வீடியோவிலேயே கடினமான இடத்தைத் தேடுங்கள்: இருட்டறைக் காட்சி, தண்ணீர், புகை, கூட்டம், வேகமாகத் திரும்பும் கேமரா. ஹேண்ட்பிரேக்கில் அத்தியாயம் என்று இருக்கும் இடத்தை வினாடி என்று மாற்றினால், எந்த வினாடியிலிருந்து எந்த வினாடி வரை என்று கொடுத்துவிடலாம்.

அந்த நிமிடத்தை 18, 21, 24, 27 என்று நான்கு முறை என்கோட் செய்யுங்கள். முதலில் 27-ஐ ஓடவிட்டுப் பாருங்கள். இருட்டுச் சுவரில் கட்டங்கள் நெளிகின்றனவா? முடியின் இழைகள் ஒன்றாக ஒட்டிக்கொண்டு கூழாகிவிட்டனவா? முகத்துக்குப் பின்னால் மங்கலாகத் தெரியும் சுவர் சில ஃபிரேமுக்கு ஒரு முறை லேசாகத் துடிக்கிறதா? அந்தத் துடிப்பு நிறுத்திப் பார்த்தால் தெரியவே தெரியாது, ஓடும்போதுதான் பிடிபடும். அடுத்து 24, அப்புறம் 21. எந்த எண்ணில் குறைகள் கண்ணில் படாமல் போகின்றனவோ அங்கே நின்றுவிடுங்கள். 24-க்கும் 21-க்கும் வித்தியாசமே தெரியவில்லை என்றால் 24-தான் உங்கள் எண். 18 வைத்தால் இன்னும் பாதுகாப்பு என்று தோன்றும்; காண முடியாத ஒன்றுக்காக இரட்டிப்பு இடம் கொடுப்பீர்கள்.

எந்தத் திரையில் பார்க்கப் போகிறீர்களோ அந்தத் திரையிலேயே சோதியுங்கள். போனில் 27-உம் அருமையாகத் தெரியும். அதே கோப்பைப் பெரிய டிவியில், இருட்டறையில் போட்டால் கதை வேறு. நான்கு சோதனைக் கோப்புகளின் அளவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு நிமிடக் கோப்பை மொத்த நிமிடங்களால் பெருக்கினால் முழு வீடியோவின் அளவு பற்றி ஓர் உச்சவரம்பு தெரியும். நீங்கள் எடுத்தது கடினமான நிமிடம் என்பதால் உண்மை அளவு பெரும்பாலும் அதற்குக் கீழேதான் இருக்கும். எண்ணால் அளக்க விரும்புபவர்களுக்கு நெட்ஃபிளிக்ஸ் 2016-இல் வெளியிட்ட விமாஃப் போன்ற அளவீடுகள் இருக்கின்றன. தொடங்கும் நிலையில் அவற்றைத் தேடிப் போக வேண்டியதில்லை.

வேகம் என்ற இன்னொரு ஸ்லைடர்

தர எண்ணுக்குப் பக்கத்திலேயே ப்ரீசெட் என்று ஒன்று இருக்கும். அல்ட்ராஃபாஸ்ட், வெரிஃபாஸ்ட், ஃபாஸ்ட், மீடியம், ஸ்லோ, வெரிஸ்லோ என்று போகும். ஊகிப்பதற்கு என்கோடர் எவ்வளவு பாடுபட வேண்டும் என்பது இது. நிறைய நேரம் கொடுத்தால் ஒத்த கட்டங்களை இன்னும் நன்றாகத் தேடிக் கண்டுபிடிக்கும். அதே அளவுக்குள் நல்ல தரம், அல்லது அதே தரத்துக்குச் சின்னக் கோப்பு. மீடியமோ ஸ்லோவோ பெரும்பாலானோருக்குச் சரியான இடம். வெரிஸ்லோவுக்கு அப்பால் பிளாசிபோ என்று ஒன்று இருக்கிறது. நேரத்தைத் தின்பதற்கு ஈடாக ஏதும் தராது. பக்கம் போக வேண்டாம். ஒரே ஒரு விஷயத்தை மறக்காதீர்கள்: ப்ரீசெட்டை மாற்றினால் அதே சி.ஆர்.எஃப். எண்ணில் அளவும் தோற்றமும் சற்று மாறும். ஆகவே முதலில் ப்ரீசெட்டை முடிவு செய்துவிட்டு, பிறகு எண்ணைச் சோதியுங்கள்.

கிராபிக்ஸ் கார்டின் என்வென்க், இன்டெலின் குவிக்சிங்க் போன்றவை பறக்கும் வேகத்தில் முடித்துவிடும். அவசரத்துக்கு நல்லவை. ஆனால் பொதுவாக அதே அளவுக்கு எக்ஸ்264, எக்ஸ்265 ஸ்லோ கொடுக்கும் தரத்தை அவை எட்டுவதில்லை. காலத்துக்கும் வைத்துக்கொள்ளப்போகும் வீடியோவுக்கு ஓர் இரவு முழுக்க ஓடவிடுவது தகும்.

கோடெக்கைப் பற்றிச் சுருக்கமாக: ஹெச்.264 2003-இல் வந்தது, எதிலும் ஓடும். 2013-இல் வந்த ஹெச்.265-உம், 2018-இல் வந்த ஏவி1-உம் அதே தரத்தைக் கணிசமாகக் குறைந்த பிட்டில் தரும். பதிலுக்கு என்கோட் செய்ய அதிக நேரம் கேட்கும், பழைய கருவிகளில் ஓடாது. யாருக்காவது அனுப்புவதற்கு ஹெச்.264, நீங்களே வைத்துக்கொள்ள ஹெச்.265 என்பது என் தேர்வு. ஹெச்.265-இல் 10 பிட் வகையை எடுத்தால் வானத்தில் வரும் நிறப் பட்டைகள் வெகுவாகக் குறையும். போனில் ஹெச்டிஆர் (ஒளிக்கும் இருளுக்கும் இடையிலான வீச்சு அதிகமுள்ள) முறையில் எடுத்த வீடியோ என்றால் 10 பிட் கட்டாயம். 8 பிட்டுக்கு அப்படியே மாற்றினால் நிறம் வெளிறிப்போகும் வாய்ப்பு அதிகம்.

பிட்ரேட் பெட்டிக்கு உரிய இடம்

இப்போது மறுபக்கம். 40 நிமிட வீடியோவை ஒரு தளத்தில் ஏற்ற வேண்டும், 500 மெகாபைட்டுக்கு மேல் ஏற்காது. இங்கே சி.ஆர்.எஃப். உதவாது, எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே அது சொல்லாது. கணக்குப் போடுவோம். 500 மெகாபைட் என்பது 40 லட்சம் கிலோபிட். 40 நிமிடம் என்பது 2400 வினாடி. வகுத்தால் வினாடிக்கு 1666 கிலோபிட். ஒலிக்கு 128 ஒதுக்கினால் மீதி 1538. கோப்பின் உறைக்கும் சின்னச் சின்ன ஏற்ற இறக்கத்துக்கும் கொஞ்சம் விட்டு 1500 என்று வையுங்கள்.

1500 கிலோபிட் 1080பிக்கு இறுக்கமான அளவு. பேச்சு வீடியோ என்றால் சமாளிக்கும். அசைவு அதிகம் என்றால் 720பிக்கு இறக்கிவிடுங்கள். புள்ளிகள் பாதிக்கும் கீழே வந்துவிடும், ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கும் பிட் இரட்டிப்புக்கு மேல். கட்டம் கட்டமாகச் சிதைந்த 1080பியைவிடத் தெளிவான 720பி எவ்வளவோ மேல்.

பிட்ரேட் வைக்கும்போது மல்டி-பாஸ், அதாவது இரண்டு முறை ஓடும் அமைப்பையும் சேர்த்தே வையுங்கள். முதல் ஓட்டத்தில் என்கோடர் வீடியோ முழுவதையும் பார்த்து, எங்கே மழை, எங்கே பேச்சு என்று குறித்துக்கொள்ளும். இரண்டாவது ஓட்டத்தில் இருக்கும் பிட்டை அதற்கேற்பப் பங்கிடும். ஒரே ஓட்டத்தில் ஆவரேஜ் பிட்ரேட் வைத்தால், இனி என்ன வரும் என்று தெரியாமலே செலவழிக்க வேண்டிய நிலை அதற்கு.

நேரலைக்கும் பிட்ரேட்தான், ஏனென்றால் அங்கே இணைய வேகம் ஒரு சுவர். சி.ஆர்.எஃப்.-ஐ வைத்துக்கொண்டே உச்சவரம்பு ஒன்றையும் போடும் வழி உண்டு. வேகமற்ற டிவி பெட்டி போன்ற கருவிகளில் வீடியோ திணறாமல் ஓட அது உதவும். யூடியூபில் ஏற்றுவதானால் நிலைமை வேறு. நீங்கள் எதை ஏற்றினாலும் அவர்கள் மறுபடி என்கோட் செய்வார்கள். 1080பிக்கு, 24 முதல் 30 ஃபிரேம் வரை என்றால் 8 மெகாபிட்டும், 60 ஃபிரேமுக்கு 12 மெகாபிட்டும் அவர்கள் பரிந்துரைப்பது. ஃபிரேம் இரட்டித்தும் பிட்ரேட் ஒன்றரை மடங்கே ஆவதைக் கவனியுங்கள். நெருக்கமான ஃபிரேம்கள் ஒன்றுக்கொன்று இன்னும் ஒத்திருக்கின்றன. மேலே சொன்ன ஜெராக்ஸ் இழப்பு இங்கேயும் உண்டு என்பதால், ஏற்றுவதற்கான கோப்பைச் சி.ஆர்.எஃப். 16 முதல் 18-க்குள் தாராளமாகவே வையுங்கள். சேமித்து வைக்கும் கோப்பைப்போல அதைச் சுருக்க வேண்டாம்.

ஒலியில் கஞ்சத்தனம் வேண்டாம். ஸ்டீரியோவுக்கு ஏஏசி 128 முதல் 160 கிலோபிட் போதும். மொத்தக் கோப்பில் அது ஒரு சின்னப் பங்கு. மூலத்தில் ஏற்கெனவே ஏஏசி இருந்தால் மறுபடி என்கோட் செய்யாமல் அப்படியே நகலெடுக்கச் சொல்லுங்கள். ஃபிரேம் ரேட்டையும் மூலத்தில் உள்ளபடியே விடுங்கள்.

என்கோட் முடிந்ததும் மூலக் கோப்பை உடனே அழித்துவிடாதீர்கள். புதியதைத் திறந்து தொடக்கம், நடு, முடிவு மூன்றிலும் சற்று நேரம் ஓடவிடுங்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் உதடும் ஒலியும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். விலகல் இருந்தால் அங்கேதான் நன்றாகத் தெரியும். சப்டைட்டில்களும் எல்லா ஒலித்தடங்களும் வந்து சேர்ந்தனவா, மொத்த நேரம் மூலத்தோடு ஒத்திருக்கிறதா, செங்குத்தாக எடுத்த போன் வீடியோ படுத்துக்கொள்ளாமல் நிற்கிறதா என்பதையும் பார்த்துவிட்டு, அதன்பிறகு மூலத்தை நீக்குவதா என்று முடிவு செய்யுங்கள்.